சட்டம் புதிது, விதி பழையது

2026 ஜனவரியில் இண்டிகோ நிறுவனத்துக்கு 22 கோடியே 20 லட்சம் ரூபாய் அபராதம் விதித்தது டிஜிசிஏ, அதாவது சிவில் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகம். அதற்கு முந்தைய டிசம்பரில், 3 முதல் 5 வரையான மூன்றே நாட்களில் 2,507 விமானங்கள் ரத்தாயின. மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட பயணிகள் விமான நிலையத் தரையில் மூட்டை முடிச்சோடு கிடந்தார்கள். அதற்கான தண்டனை இது. செய்தி படித்தவர்கள் தொகை அதிகமா குறைவா என்று பேசிக்கொண்டார்கள். எனக்கு அந்த ஆணையில் கண்ணில் பட்டது வேறு ஒன்று. அபராதம் 1937-ஆம் ஆண்டு விமான விதிகளின்கீழ் விதிக்கப்பட்டிருந்தது. நாடாளுமன்றம் புதிய விமானச் சட்டம் இயற்றி, அது நடைமுறைக்கு வந்து ஓராண்டு கடந்த பிறகு!

இதில் சட்டப் பிழை எதுவும் இல்லை. பழைய சட்டம் போனாலும் அதன்கீழ் பிறந்த விதிகள், புது விதிகள் வரும்வரை செல்லும் என்பது எல்லாச் சட்டங்களிலும் இருக்கும் வழக்கமான ஏற்பாடுதான். ஆனால் இந்தியாவில் விமானம் ஏறுபவரையும், விமானம் ஓட்டுபவரையும், கல்யாண மண்டபத்துக்கு மேலே ட்ரோன் விடுபவரையும் உண்மையில் கட்டுப்படுத்துவது எது என்று புரிந்துகொள்ள இந்தச் சின்ன விவரம் நல்ல நுழைவாயில்.

அடுக்குகளைப் பார்ப்போம். உச்சியில் நாடாளுமன்றம் இயற்றிய சட்டம். அது மெல்லியது. இன்னின்ன விஷயங்களுக்கு மத்திய அரசு விதி செய்யலாம் என்று அதிகாரம் கொடுப்பதுதான் அதன் முக்கிய வேலை. அதற்குக் கீழே அரசு வெளியிடும் விதிகள். அதற்கும் கீழே டிஜிசிஏ வெளியிடும் ‘கார்’ எனப்படும் சிவில் விமானப் போக்குவரத்து நிபந்தனைகள். விமானி எத்தனை மணி நேரம் ஓய்வெடுக்க வேண்டும், விமானம் தாமதமானால் சாப்பாடு தர வேண்டுமா, தகராறு செய்யும் பயணியை எத்தனை மாதம் ஏற்றாமல் வைக்கலாம் என்பதெல்லாம் இந்த மூன்றாம் அடுக்கில்தான் இருக்கிறது. அதற்கும் அடியில் சுற்றறிக்கைகள். கடைசியாக, எல்லா அடுக்குகளையும் குறுக்கே வெட்டிக்கொண்டு ஓடும் ஒரு சொல் உண்டு: விலக்கு. இன்னாருக்கு, இன்ன காலத்துக்கு, இந்த விதி பொருந்தாது என்று சொல்லும் அதிகாரம். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

இந்த அமைப்புக்கு வயது அதிகம். 1911 பிப்ரவரி 18 அன்று பிரெஞ்சு விமானி ஹென்றி பெக்கே அலகாபாத்திலிருந்து நைனிக்குத் தபால் மூட்டையோடு பறந்தார். அதே ஆண்டில் இந்தியாவின் முதல் வான்கலச் சட்டமும் வந்துவிட்டது. 1932 அக்டோபரில் ஜே.ஆர்.டி. டாடா கராச்சியிலிருந்து பம்பாய்க்குத் தபால் கொண்டுவர, அங்கிருந்து நெவில் வின்சென்ட் பெல்லாரி வழியாகச் சென்னைக்குக் கொண்டுவந்தார். அடுத்த இரண்டே ஆண்டில் 1934 விமானச் சட்டம், அதற்குப் பின் 1937 விதிகள். அன்றைக்கு நாட்டில் பறந்த விமானங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அந்தக் காலத்துச் சட்டம், உலக விமானப் போக்குவரத்துக்குப் பொது விதி வகுத்த 1944 சிகாகோ உடன்படிக்கை, ஜெட் யுகம், விமானக் கடத்தல்கள், தனியார்மயம் எல்லாவற்றையும் ஒட்டுப் போட்டுக்கொண்டே 90 ஆண்டு ஓடியது. கடைசிப் பெரிய ஒட்டு 2020-இல். டிஜிசிஏ உள்ளிட்ட மூன்று அமைப்புகள் அப்போதுதான் சட்டத்தின் உடலுக்குள்ளேயே பெயர் பெற்றன. அபராதத்தின் உச்சவரம்பு 10 லட்சத்திலிருந்து ஒரு கோடியானது.

பிறகு 2024. ஜூலை 31 அன்று மக்களவையில் ‘பாரதிய வாயுயான் விதேயக்’, அதாவது இந்திய விமான மசோதா, அறிமுகமானது. ஆகஸ்ட் 9-இல் அங்கேயும் டிசம்பர் 5-இல் மாநிலங்களவையிலும் நிறைவேறி, குடியரசுத் தலைவரின் ஒப்புதலோடு 2025 ஜனவரி 1 முதல் ‘பாரதிய வாயுயான் அதிநியம், 2024’ என்ற பெயரில் செயலுக்கு வந்தது. விவாதத்தின் கணிசமான நேரத்தைச் சாப்பிட்டது அந்தப் பெயர்தான். ஆங்கிலத்தில் எழுதப்பட்ட ஒரு சட்டத்துக்கு இந்தித் தலைப்பு எதற்கு, சட்டங்கள் ஆங்கிலத்தில் இருக்க வேண்டும் என்னும் அரசியலமைப்பின் 348-ஆவது பிரிவுக்கு இது ஒத்துவருமா என்று கேரள எம்.பி. என்.கே. பிரேமச்சந்திரன் அறிமுக நிலையிலேயே எதிர்த்தார். தென்மாநில உறுப்பினர்கள் பலரும் அதே குரலை எழுப்பினர். மசோதாவைக் கொண்டுவந்த விமானப் போக்குவரத்து அமைச்சர் ராம் மோகன் நாயுடுவோ தெலுங்குக்காரர். எதிர்ப்பு நியாயமானது என்பதே என் கருத்து. ஆனாலும், பெயரைப் பற்றிப் பேசியதில் பாதி நேரத்தையாவது உள்ளடக்கத்துக்குக் கொடுத்திருக்கலாம்.

உள்ளடக்கத்தில் புதிதாக என்ன? விமான வடிவமைப்பும் சட்டத்தின் வரம்புக்குள் வந்தது. உள்நாட்டில் விமானம் செய்ய வேண்டும் என்ற ஆசைக்கு இது தேவை. விமானிகள் வானொலியில் பேசுவதற்கான சான்றிதழை இதுவரை தொலைத்தொடர்புத் துறையிடம் தேர்வெழுதி வாங்கினார்கள். அது டிஜிசிஏ கைக்கு மாறியது. பயிற்சி விமானிகளுக்கு இது உண்மையிலேயே நிம்மதி. அபராத ஆணைக்கு எதிராக இரண்டாவது மேல்முறையீட்டுக்கு வழி கிடைத்தது. மற்றபடி எலும்புக்கூடு பழையதுதான்.

தண்டனைப் பிரிவில் ஒரு விநோதம். மனிதருக்கோ சொத்துக்கோ ஆபத்து விளையும்படி விமானம் ஓட்டினால் இரண்டாண்டு வரை சிறை அல்லது ஒரு கோடி வரை அபராதம் அல்லது இரண்டும். விமான நிலையத்தைச் சுற்றிக் குறித்த எல்லைக்குள் விலங்குகளை அறுத்தாலோ குப்பை கொட்டினாலோ மூன்றாண்டு வரை சிறை. விமானிக்கு இரண்டு, இறைச்சிக் கழிவு கொட்டுபவருக்கு மூன்று! பழைய விதிகளில் அந்த எல்லை 10 கிலோமீட்டர். கழிவைத் தேடிவரும் பருந்து எஞ்சினுக்குள் போனால் என்ன ஆகும் என்பது தெரிந்ததுதான். ஆனால் மீனம்பாக்கத்தைச் சுற்றிப் பத்து கிலோமீட்டருக்குள் எத்தனை கசாப்புக் கடைகள் என்று எண்ணிப் பார்த்தால், இந்தப் பிரிவு எழுத்தில் இருக்கும் வேகத்தில் ஒருநாளும் நடைமுறைக்கு வராது என்பதும் தெரிந்துவிடும்.

தமிழில் எழுதும்போது ஒரு சிக்கல். ஆங்கிலத்தில் ‘சேஃப்டி’, ‘செக்யூரிட்டி’ என்று இரண்டு தனிச் சொற்களால் குறிக்கும் விஷயங்களை நாம் ‘பாதுகாப்பு’ என்ற ஒரே சொல்லால் சொல்லிவிடுகிறோம். இறக்கையில் விரிசல் இருக்கிறதா, விமானி தூங்கினாரா என்று பார்ப்பது ஒரு பாதுகாப்பு. அது டிஜிசிஏவின் வேலை. உங்கள் பையில் கத்தரிக்கோல் இருக்கிறதா என்று பார்ப்பது இன்னொரு பாதுகாப்பு. அதற்கு பிசிஏஎஸ் என்ற தனிப் பணியகம். விபத்து நடந்தபின் காரணம் தேடுவது ஏஏஐபி எனும் மூன்றாவது அமைப்பு. மூன்றும் வேறு வேறு வேலை. ஆனால் மூன்றும் ஒரே அமைச்சகத்தின் கீழ். மேலும், முதல் இரண்டு அமைப்புகளின் தலைமை அதிகாரி போடும் ஆணையை மறுபரிசீலனை செய்து மாற்றவோ ரத்து செய்யவோ மத்திய அரசுக்குச் சட்டமே அதிகாரம் தருகிறது.

பங்குச் சந்தைக்கு செபி, தொலைத்தொடர்புக்கு டிராய் என்று தனி ஒழுங்காற்று ஆணையங்கள் இருக்கின்றன. வானத்துக்கு அப்படி ஒன்று இல்லை. முயற்சி நடக்காமல் இல்லை. டிஜிசிஏவுக்குப் பதிலாகத் தன்னாட்சி ஆணையம் அமைக்கும் மசோதா 2013 ஆகஸ்டில் மக்களவைக்கு வந்தது. அடுத்த ஆண்டு அவை கலைந்ததும் மசோதாவும் காலாவதியானது. அதற்கிடையே 2014 ஜனவரியில் அமெரிக்க விமான ஒழுங்காற்று அமைப்பு இந்தியாவின் கண்காணிப்புத் தரத்தை, சர்வதேசத் தரத்துக்குக் குறைவு என்று பொருள்படும் இரண்டாம் வகைக்கு இறக்கியது. அதை மீட்க 2015 ஏப்ரல் வரை ஆனது. 2024-இல் சட்டத்தை முழுதாகத் திருப்பி எழுதியபோது அந்தத் தன்னாட்சி யோசனையைத் தூசி தட்டியிருக்கலாம். செய்யவில்லை. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்ற நிலைக்குழு ஒரு கணக்கை வெளியே வைத்தது: டிஜிசிஏவில் ஒப்புதல் பெற்ற பணியிடங்கள் 1,063, ஆள் இருப்பது 553-இல். பாதி நாற்காலிகள் காலி. நிர்வாகத்திலும் நிதியிலும் தன்னாட்சி கொடுங்கள் என்று அந்தக் குழுவும் பரிந்துரைத்தது.

இந்த ஏற்பாடு நெருக்கடி நேரத்தில் எப்படி வேலை செய்கிறது என்பதற்கு இண்டிகோ விவகாரத்தைவிட நல்ல பாடம் கிடையாது. விமானிகளின் களைப்பு குறித்த புகார்கள் குவிந்ததால் 2024 ஜனவரியில் டிஜிசிஏ புதிய பணிநேர வரம்புகளை அறிவித்தது. வார ஓய்வு 36 மணி நேரத்திலிருந்து 48 ஆனது. ‘இரவு’ என்பது நள்ளிரவு முதல் காலை 5 மணி வரை என்றிருந்தது 6 மணி வரை நீண்டது. இரவுப் பணியில் தரையிறக்கங்கள் ஆறிலிருந்து இரண்டாகக் குறைந்தன. அதே ஆண்டு ஜூன் 1 முதல் அமல் என்றார்கள். நிறுவனங்கள் முறையிட, தள்ளிப்போனது. விமானிகள் சங்கங்கள் டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போயின. கடைசியில் 2025 ஜூலை 1, நவம்பர் 1 என்று இரண்டு கட்டங்களாக அமல்படுத்த முடிவானது.

ஏறத்தாழ இரண்டு ஆண்டு அவகாசம். உள்நாட்டுச் சந்தையில் மூன்றில் இரண்டு பங்கைக் கையில் வைத்திருக்கும் நிறுவனத்துக்கு அது போதவில்லை. டிசம்பர் 5 அன்று மட்டும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட விமானங்கள் ரத்து. அன்றே டிஜிசிஏ, இண்டிகோவின் ஏ320 விமானங்களுக்கு இரவுப் பணி வரம்புகளிலிருந்து 2026 பிப்ரவரி 10 வரை விலக்கு கொடுத்தது. விமானியின் விடுப்பை வார ஓய்வாகக் கணக்கு வைக்கக்கூடாது என்ற நிபந்தனையை எல்லா நிறுவனங்களுக்குமே திரும்பப் பெற்றது. மறுநாள் அமைச்சகம் கட்டணத்துக்கு உச்சவரம்பு போட்டது: 500 கிலோமீட்டர் வரை 7,500 ரூபாய், 1,500-க்கு மேல் 18,000. 1994-இல் கட்டணக் கட்டுப்பாடு எடுக்கப்பட்டதாகத்தான் நாமெல்லாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். தலையிடும் அதிகாரம் சட்டத்தில் அப்படியே படுத்துக் கிடக்கிறது. கொரோனா காலத்தில் ஒருமுறை எழுந்தது, இப்போது இன்னொரு முறை.

தொடக்கத்தில் சொன்ன அபராதத்துக்கு இப்போது திரும்பலாம். 22.20 கோடியில் 1.80 கோடி பல்வேறு மீறல்களுக்கு ஒருமுறை விதித்தது. மீதி 20.40 கோடி, நாள் ஒன்றுக்கு 30 லட்சம் வீதம் 68 நாட்களுக்கு. எந்த 68 நாட்கள்? 2025 டிசம்பர் 5 முதல் 2026 பிப்ரவரி 10 வரை. விலக்கு நடப்பிலிருந்த அதே நாட்கள்! ஒரு கையால் விலக்கு கொடுத்து, மறு கையால் அதற்கு நாள்வாடகை வசூலித்தது போல இருக்கிறது. அந்த அளவு பெரிய நிறுவனத்துக்கு 30 லட்சம் நாள்வாடகை கட்டுப்படியாகும். களைத்த விமானிக்குத்தான் கட்டுப்படியாகாது. ஓய்வு விதி களைப்பைப் பார்த்து எழுதப்பட்டது; விலக்கோ கூட்டத்தைப் பார்த்து எழுதப்பட்டது. அமைச்சகத்தின் மேசையில் பயணிகளின் கோபமும் விமானியின் தூக்கமும் ஒன்றாக வந்து உட்கார்ந்தால் எது ஜெயிக்கும் என்று சொல்லத் தேவையில்லை. ஒழுங்காற்று அமைப்பு அந்த மேசையிலிருந்து எழுந்து தள்ளி உட்கார வேண்டும் என்று சொல்வது இதனால்தான்.

அந்த நாட்களில் அகப்பட்டுக்கொண்ட பயணிக்கு என்ன உரிமை? இதுவும் மூன்றாம் அடுக்கில், டிஜிசிஏ நிபந்தனையில் இருக்கிறது. ரத்து பற்றி இரண்டு வாரம் முன்பே சொல்ல வேண்டும். சொல்லாமல், ஏற்கத்தக்க மாற்று விமானமும் தராமல் விட்டால் பறக்கும் நேரத்தைப் பொறுத்து 5,000, 7,500, 10,000 ரூபாய் இழப்பீடு. அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்து அதைவிடக் குறைவானால் அந்தக் குறைந்த தொகைதான். உறுதியான டிக்கெட் கையில் இருந்தும், இருக்கைகளைவிட அதிகமாக டிக்கெட் விற்றதால் உங்களை ஏற்றாமல் விட்டால், ஒரு மணி நேரத்துக்குள் மாற்று விமானம் தராதபட்சத்தில், 24 மணி நேரத்துக்குள் கொடுத்தாலும் 10,000 வரை, அதற்குமேல் தாமதித்தால் 20,000 வரை. தாமதத்துக்குப் பணம் கிடையாது. சாப்பாடு உண்டு, ஆறு மணி நேரத்துக்கு மேலென்றால் மாற்று விமானம் அல்லது முழுப் பணம் திரும்ப, 24 மணி நேரத்துக்கு மேல் நீண்டால் தங்குமிடம். மழை, மூடுபனி, வான்போக்குவரத்துக் கட்டுப்பாடு போன்ற ‘அசாதாரணச் சூழல்’ என்றால் இழப்பீட்டுப் பொறுப்பு இல்லை. நிறுவனங்கள் அதிகம் நேசிக்கும் சொல் அதுதான். அமைச்சகத்தின் ஏர்சேவா இணையதளத்தில் புகார் செய்யலாம், நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம். கவுன்டரில் நிற்கும் இளைஞரிடம் கத்துவதைவிட, ரத்துக்கான காரணத்தை எழுத்தில் கேட்டு வாங்குவது பலன் தரும்.

விபத்து என்று வந்தால் கதை வேறு. 2025 ஜூன் 12 அன்று அகமதாபாத்தில் லண்டன் புறப்பட்ட ஏர் இந்தியா போயிங் 787 விழுந்ததில் விமானத்தில் இருந்த 242 பேரில் 241 பேரும் தரையில் 19 பேரும் இறந்தார்கள். விசாரணை ஏஏஐபியிடம். 2010 மங்களூரு விபத்துக்குப் பிறகு, 2012-இல் அமைக்கப்பட்ட பணியகம் அது. அதற்கு முன்பு பெரும்பாலும் விதி போட்ட டிஜிசிஏவே விபத்தையும் விசாரித்துக்கொண்டிருந்தது. சிகாகோ உடன்படிக்கையின் 13-ஆவது இணைப்பு சொல்வது தெளிவானது: விசாரணையின் ஒரே நோக்கம் அடுத்த விபத்தைத் தடுப்பது, யார்மீதும் பழி சுமத்துவது அல்ல. முதற்கட்ட அறிக்கை முப்பது நாளில் வர வேண்டும். ஜூலை 12 அன்று வந்தது. இரண்டு எஞ்சின்களுக்கும் எரிபொருள் தரும் சுவிட்சுகள் ஒரு விநாடி இடைவெளியில் அடுத்தடுத்து அணைந்தன என்றது. ஏன் அணைத்தாய் என்று ஒரு விமானி கேட்க, நான் அணைக்கவில்லை என்று மற்றவர் சொன்னதாகவும் எழுதியது. எந்தக் குரல் யாருடையது என்று எழுதவில்லை.

பழி சுமத்தக்கூடாது என்ற கொள்கைக்கு நேர்மாறாக, அந்த இரண்டு வரிகளை வைத்து உலகம் முழுவதும் தீர்ப்பு எழுதிவிட்டது. தலைமை விமானியின் தந்தை உச்ச நீதிமன்றம் வரை போக நேர்ந்தது. விமான நிலையம், அதற்குத் தரச்சான்று தரும் அமைப்பு, விபத்தை விசாரிக்கும் அமைப்பு எல்லாம் ஒரே அமைச்சருக்குப் பதில் சொல்லும்போது, அறிக்கை எவ்வளவு நேர்மையாக இருந்தாலும் சந்தேகம் ஒட்டிக்கொள்ளத்தான் செய்யும். புதிய சட்டம் இதைத் தொடவில்லை.

இழப்பீடு இந்தச் சட்டத்திலேயே இல்லை. சர்வதேசப் பயணம் என்பதால் 1999 மான்ட்ரியல் உடன்படிக்கை பொருந்தும்; இந்தியா 2009-இல் அதில் சேர்ந்தது. அதன்படி ஒரு பயணிக்கு 1,51,880 எஸ்டிஆர் (சர்வதேச நாணய நிதியத்தின் கணக்கு அலகு) வரை, இன்றைய மதிப்பில் ஒன்றே முக்கால் கோடி ரூபாய்க்கு மேல், நிறுவனத்தின் தவறை நிரூபிக்காமலேயே கேட்கலாம். அதற்கு மேலும் கேட்டால், தன் கவனக்குறைவு இல்லை என்று நிரூபிக்க வேண்டியது நிறுவனம். விபத்து நடந்த ஒரு வாரத்துக்குள் அமைச்சகம், விமானப் பாதையில் உயரமாக நிற்கும் கட்டடங்களை இடிப்பதற்கான வரைவு விதிகளையும் வெளியிட்டது. விபத்துக்கும் கட்டட உயரத்துக்கும் தொடர்பு இருப்பதாக முதற்கட்ட அறிக்கை சொல்லவில்லை.

சட்டத்தைவிட விதிகள் வேகமாக மாறிய இடம் ட்ரோன். மாறிய விதத்தைப் பார்த்தால் தலை சுற்றும். 2014 அக்டோபரில் ஒரு பொது அறிவிப்பு, தனியார் யாரும் பறக்கவிடக் கூடாது என்று சொன்னது. 2018 டிசம்பரில் கடும் நிபந்தனைகளோடு கதவு திறந்தது: கணினி வழி அனுமதி வராவிட்டால் ட்ரோன் மேலே எழும்பவே கூடாது. 2021 மார்ச்சில் அதையே விதிகளாக்கினார்கள். 25 படிவங்கள், 72 வகைக் கட்டணங்கள். தொழில்துறை அலற, ஐந்தே மாதத்தில், 2021 ஆகஸ்ட் 25-இல், அந்த விதிகளைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிய ட்ரோன் விதிகள். படிவம் ஐந்து, கட்டண வகை நான்கு, அபராத உச்சம் ஒரு லட்சம். ஜம்மு விமானப்படைத் தளத்தின்மீது ட்ரோனில் வெடிகுண்டு வந்து இரண்டு மாதம்கூட ஆகாத நேரத்தில் இந்தத் தளர்வு வந்தது. அன்றைக்கு அது துணிச்சலான முடிவுதான்.

நடப்பில் உள்ளது இதுதான். 250 கிராம் வரை நானோ, 2 கிலோ வரை மைக்ரோ, 25 கிலோ வரை ஸ்மால், 150 வரை மீடியம், அதற்கு மேல் லார்ஜ். வரைபடத்தில் பச்சைப் பகுதி என்றால் 400 அடி வரை அனுமதி கேட்க வேண்டாம். விமான நிலையச் சுற்றெல்லையிலிருந்து 8 முதல் 12 கிலோமீட்டர் வரை அந்த உயரம் 200 அடியாகக் குறையும். இன்னும் நெருங்கினால் அனுமதி கேட்க வேண்டிய மஞ்சள், பிறகு அநேகமாகத் தடையான சிவப்பு. பல்லாவரத்திலோ குரோம்பேட்டையிலோ கல்யாணம் வைத்துக்கொண்டு ‘மேலிருந்து ஒரு ஷாட்’ கேட்பவர்கள் சிவப்புக்குள் நின்று கேட்கிறார்கள். அதே குரோம்பேட்டையில்தான் அண்ணா பல்கலைக்கழகத்தின் எம்ஐடி (மெட்ராஸ் இன்ஸ்டிடியூட் ஆஃப் டெக்னாலஜி) வளாகம் இருக்கிறது. இந்திய ட்ரோன் தொழிலின் மூத்த ஆய்வுக்கூடங்களில் ஒன்று அங்கே இயங்குகிறது.

2022 பிப்ரவரியில் வெளிநாட்டு ட்ரோன் இறக்குமதிக்குத் தடை. உரம், பூச்சிமருந்து தெளிக்க 15,000 மகளிர் சுயஉதவிக் குழுக்களுக்கு ட்ரோன் கொடுக்க 1,261 கோடியில் திட்டம். தமிழக அரசும் ஆளில்லா விமானங்களுக்கென்றே ஒரு கழகம் தொடங்கியது. ஆள் கிடைக்காத காலத்தில் வயலுக்கு மருந்தடிக்க அது வந்தால் எந்த விவசாயி வேண்டாம் என்பார்?

பிறகு 2025 மே. பாகிஸ்தானுடனான மோதலில் எல்லை தாண்டி ட்ரோன்கள் கூட்டம் கூட்டமாக வந்தன. வடக்கிலும் மேற்கிலும் 32 விமான நிலையங்கள் மூடப்பட்டன. அதே ஆண்டு செப்டம்பர் 16-இல் அமைச்சகம் ‘சிவில் ட்ரோன் (ஊக்குவிப்பு, ஒழுங்குமுறை) மசோதா’ வரைவை வெளியிட்டது. இம்முறை விதியாக அல்ல, தனிச் சட்டமாகவே. கருத்துச் சொல்ல இரண்டு வாரம். 500 கிலோவுக்கு உட்பட்ட எல்லா ட்ரோனும் இதன்கீழ் வரும். பதிவும், அந்த மாடல் தரமானது என்னும் வகைச்சான்றும், காப்பீடும் கட்டாயம். மீறினால் மூன்றாண்டு வரை சிறை, வாரண்ட் இல்லாமல் சோதனையும் பறிமுதலும். தலைப்பில் ‘ஊக்குவிப்பு’ முதலில் வருகிறது. உள்ளே அதைத் தேட வேண்டியிருக்கிறது. 2021-இல் ஒரு லட்சம் அபராதத்தோடு முடிந்த தவறு, நான்கே ஆண்டில் காவல் நிலையம் வரை வந்து நிற்கிறது.

அந்த வரைவில் எனக்குப் பிடித்த பகுதியும் ஒன்று உண்டு. ட்ரோன் விழுந்து ஒருவர் இறந்தால் 2.5 லட்சம், பலத்த காயம் என்றால் ஒரு லட்சம், யார் தவறு என்று பார்க்காமல். தொகை சொற்பம்தான். ஆனால் வழக்கைக் கொண்டுபோக வேண்டிய இடமாக அது சொல்வது மோட்டார் வாகன விபத்துத் தீர்ப்பாயத்தை. வயலில் மருந்தடித்த ட்ரோன் தலையில் விழுந்தவரின் மனைவி டெல்லிக்கோ சென்னைக்கோ அலைய வேண்டியதில்லை; மாவட்ட நீதிமன்ற வளாகத்தில், பேருந்து மோதியவரின் குடும்பத்துக்குப் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்து, அதே வழக்கறிஞரை வைத்து வாதாடலாம்.